சொற்பெருக்கமும் சொல்லிணைவும்: ‘வேர்டு பவர் மேட் ஈசி’ நூலை முன்வைத்து ஒரு திறனாய்வு

ஆங்கிலத்தில் உயர்நிலைச் சொல்வளம் பெற விழையும் இந்திய மாணவர்கள் நாடும் நூல்களுள் நார்மன் லூயிஸின் ‘வேர்டு பவர் மேட் ஈசி’ குறிப்பிடத்தக்கது. அமெரிக்காவில் 1949-இல் வெளிவந்து, 1978-இல் திருத்தி விரிக்கப்பட்ட இந்நூல், போட்டித் தேர்வுக்குப் பயில்வோரிடையே இன்றும் செல்வாக்குடன் விளங்குகிறது. மொழிபெயர்ப்புத் துறையினருக்கும் இது அறிமுகமான நூலாதலின், சொல்லறிவு பற்றி இது எத்தகைய கருத்தை வளர்க்கிறது என்பது ஆராயத்தக்கது.

நூலின் அடிப்படை வேர்ச்சொல் முறையாகும். மனிதனைக் குறிக்கும் ‘ஆந்த்ரோபாஸ்’ என்னும் கிரேக்க வேரை அறிந்தவர் ‘ஆந்த்ரபாலஜி’, ‘மிசந்த்ரோப்’, ‘ஃபிலாந்த்ரபிஸ்ட்’ ஆகியவற்றை ஒரே குடும்பமாகக் காண்கிறார். தமிழில் ‘மானிடவியல்’ என்ற சொல் தன் உறுப்புகளைத் தானே காட்டி நிற்கிறது. ஆங்கிலத்தின் கிரேக்க, இலத்தீன் கடன்சொற்களுக்கு இத்தெளிவு இல்லை. இழந்த அத்தெளிவை மீட்டுத் தருவதே லூயிஸின் பணி. படித்தறியும் திறனுக்கு இதனால் விளையும் பயன் பெரிது.

எனினும், வேர் தருவது பொருளின் ஒரு பகுதியே. ‘எக்ரீஜியஸ்’ என்னும் சொல் இலத்தீனில் மந்தையினின்று விலகித் தனித்து நிற்றலைக் குறிக்கும் வேரினின்று பிறந்தது. பதினாறாம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் அது புகழ்ச்சிக்கும் வழங்கிற்று. இக்காலத்திலோ பெரும்பிழை, அப்பட்டமான விதிமீறல் போன்றவற்றோடே வருகிறது. தனித்து நிற்றல் புகழுக்கா, பழிக்கா என்பதை வேர் உரைப்பதில்லை. வேரை மட்டும் நம்பித் ‘தனிப்பெருஞ் சாதனை’ என்பதற்கு இச்சொல்லை ஆளும் மொழிபெயர்ப்பாளரின் கையில் பாராட்டு வசையாகிவிடும்.

இக்குறைக்கு மருந்தும் அந்நூலிலேயே உள்ளது. பொய்யரைப் பற்றிய இயலில் ‘பொய்யர்’ என்னும் ஒரே பெயர்ச்சொல்லுக்குப் பத்து அடைகளை வரிசைப்படுத்தி லூயிஸ் விளக்குகிறார். ‘எக்ரீஜியஸ்’ அவற்றுள் ஒன்று. ‘இன்வெட்டரேட்’, ‘க்ரானிக்’ என்பவையும் உள. இவ்விரண்டின் வேர்களும் முறையே பழமையையும் காலத்தையும் சுட்டுகின்றன. பொருளால் நெருங்கிய இவை பொய்யரிடத்தில் ஒன்றுக்கொன்று மாறி வரலாம். ஆனால் நோய்க்கு இயல்பாக வரும் அடை ‘க்ரானிக்’ ஒன்றே. தமிழிலும் நோய் ‘நாட்பட்டது’, பழக்கம் ‘ஊறிப்போனது’, பகை ‘தீராதது’. இவற்றை இடம் மாற்றினால் இலக்கணம் பிழைபடாது, வழக்குப் பிழைபடும். சொல்லை அதன் துணையோடு கற்பிக்கும் இம்முறை நூல் முழுவதும் பரவியிருப்பின் இந்திய மாணவர்க்கு அதன் பயன் பன்மடங்காகியிருக்கும்.

அவ்வாறு பரவாமைக்குக் காரணம் உண்டு. லூயிஸ் எழுதியது ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டோர்க்கு. எச்சொல் எச்சொல்லோடு இணையும் என்பதை அவர்கள் செவிவழியே அறிந்திருந்தனர். அவர்க்கு வேண்டியது அரிய சொற்களின் பொருள் மட்டுமே. பிறமொழியாளரின் தேவை வேறு என்பதை அக்காலத்திலேயே உணர்ந்தோர் இருந்தனர். ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஹாரல்டு பாமர் சொல்லிணைவுகளைத் தொகுத்து ஆராய்ந்தார். அங்கேயே பணியாற்றிய ஹார்ன்பி முதலியோர் 1942-இல் டோக்கியோவில் வெளியிட்ட அகராதி, சொல்லைத் தொடரில் வைத்துக் காட்டியது. பின்னர் சின்க்ளேர் தலைமையில் 1987-இல் வந்த கோபில்ட் அகராதி தரவகத்தின் துணையால் அதனை மேலும் விரிவாக்கிற்று.

சொல்லின் எண்ணிக்கை பயனற்றது என்பது இதன் கருத்தன்று. ஆங்கில எழுத்துரையின் 98 விழுக்காட்டுச் சொற்களை அறிய 8,000 முதல் 9,000 வரையிலான சொற்குடும்பங்கள் வேண்டும் என்று நேஷன் 2006-இல் மதிப்பிட்டார். அவ்வளவை அடைய வேர்ச்சொல் முறை துணைசெய்யும். ஆனால் அவ்வெண் படித்தறிதலுக்கான அளவு. எழுதுதற்கும் மொழிபெயர்த்தற்கும் அது போதாது.

தமிழ் மரபு இவ்வேறுபாட்டை எளிதில் விளக்கும். சால, உறு, தவ, நனி, கூர், கழி ஆகிய ஆறும் மிகுதிப் பொருளன என்கிறது நன்னூல். ஆயினும் பசிக்கு ‘உறு’ வந்து ‘உறுபசி’ ஆகிறது. சிறத்தலுக்குச் ‘சால’ வருகிறது. ஆறினையும் பொருளோடு மனப்பாடம் செய்த ஒருவர் ‘சாலப்பசி’ என்று எழுதினால் அவரைத் தமிழ்ச் சொல்வளம் மிக்கவர் என எவரும் கொள்ளார். அரிய ஆங்கிலச் சொற்களைப் பட்டியலிட்டுக் கற்கும் மாணவரின் நிலையும் இதுவே.

ஆங்கிலம்–தமிழ் இருமொழி அகராதிகள் பலவும் தலைச்சொல்லுக்கு எதிரே நிகரன்களைக் காற்புள்ளியிட்டு அடுக்குவதோடு நின்றுவிடுகின்றன. எந்நிகரன் எப்பெயரோடு செல்லும் என்பது சொல்லப்படுவதில்லை. எடுத்துக்காட்டுத் தொடர்களோடு 1992-இல் வெளிவந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி தமிழ்ச் சொற்களுக்கு இவ்வழியைத் திறந்தது. உயர்நிலை ஆங்கிலச் சொற்களுக்கு, இரு மொழி இணைவுகளையும் எதிரெதிரே நிறுத்தும் கையேடு ஒன்று தேவை. லூயிஸின் பொய்யர் இயல் அதற்கு நல்ல முன்மாதிரியாகும்.