விளியும் உரிமையும்: பண்டித ரமாபாய் கடிதங்களில் நட்பும் பொறுப்பும்

1. முன்னுரை

கிறித்தவ வாழ்வில் நட்பு என்பது ஆறுதல் அளிப்பதோடு அமைவதன்று. நெறி பிறழுங்கால் இடித்துரைக்கும் கடமையையும் அது உடையது. இக்கருத்து தமிழர்க்குப் புதிதன்று. திருக்குறளும் நட்பின் பயனை இடித்துரைத்தலில் காண்கிறது. ஆயின், இடித்துரைக்கும் உரிமை யாருக்கு, எந்த எல்லைவரை உண்டு என்னும் வினா எளிதில் தீர்வதில்லை. இவ்வினாவை ஆராயப் புனே நகரோடு நெருங்கிய தொடர்புடைய பண்டித ரமாபாயின் (1858-1922) கடிதத் தொகுப்பு பெரிதும் துணைசெய்கிறது. அ. பி. ஷா பதிப்பித்து 1977-இல் பம்பாயில் வெளிவந்த அத்தொகுப்பை விளிச்சொல்லின் வழி நோக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. சொல்லும் திசையும்

பொறுப்புக் கூறலைக் குறிக்கத் தமிழ் விவிலியத்தில் வழங்கும் சொற்கள் கருதத்தக்கன. 'கணக்கொப்புவித்தல்' என்பது மனிதன் கடவுளுக்குச் செய்வது. எபிரெயர் நிருபத்தில் வரும் 'உத்தரவாதம்பண்ணுதல்', வழிநடத்துவோர் தம் பொறுப்பில் உள்ள ஆன்மாக்களுக்காகச் செய்வது. இவ்விரண்டும் மேல்கீழ்த் திசையில் அமைவன. யாக்கோபு நிருபமோ குற்றங்களை 'ஒருவருக்கொருவர்' அறிக்கையிடுமாறு கூறுகிறது. இச்சொல்லில் சொல்வோரும் கேட்போரும் இடம் மாறுதற்குரியர். இன்று கேட்பவர் நாளை சொல்ல வேண்டியவர். நட்பின் வழிப்பட்ட பொறுப்பு இம்மூன்றாம் வகையினது எனலாம். முதலிரு வகையை மூன்றாம் வகையாக மயங்கக் கொள்ளும்போதே சிக்கல் தோன்றுகிறது.

3. ஆஜிபாய் என்னும் விளி

ரமாபாய் 1882-இல் புனேயில் ஆரிய மகளிர் சமாஜத்தைத் தொடங்கினார். அடுத்த ஆண்டில் இங்கிலாந்து சென்று, வாண்டேஜ் துறவியர் இல்லத்தில் தங்கி, மகள் மனோரமாவுடன் திருமுழுக்குப் பெற்றார். அவ்வில்லத்துச் சகோதரி ஜெரால்டின் அவருக்கு ஞானத்தாய் ஆனார். ஆயினும் ரமாபாய் தம் ஆங்கிலக் கடிதங்களில் அவரைத் தாய் என்று விளிக்கவில்லை. 'ஆஜிபாய்' என்ற மராத்திச் சொல்லால் விளித்தார். 'ஆஜி' என்றால் பாட்டி. 'பாய்' பெண்பால் மதிப்புச் சொல்.

தாயின் தாய் பிள்ளைக்குப் பாட்டி ஆவதால், இவ்விளி மகளின் நிலையில் நின்று வழங்குவது. பிள்ளையின் நிலையில் நின்று பெரியோரை அழைக்கும் இவ்வழக்கு தமிழ்க் குடும்பங்களிலும் உண்டு. அன்பும் மதிப்பும் இதில் நிறைந்துள்ளன. ஆணையிடும் தாயின் அதிகாரம் சற்று விலகி நிற்கிறது. இதனை ரமாபாய் எண்ணித் தெரிந்தார் எனத் துணிதற்கில்லை எனினும், கடிதங்களின் போக்கு இதற்கு அரண் செய்கிறது.

செல்ட்டனம் கல்லூரியில் அவர் ஆண் மாணவர்க்குக் கற்பிக்கலாமா என்ற வினா எழுந்தபோது ஆயர்களின் கருத்துக் கேட்கப்பட்டது. திரித்துவம் முதலிய கோட்பாடுகளிலும் அவருக்கு ஐயங்கள் இருந்தன. இவற்றை ஜெரால்டின் தற்செருக்கின் அடையாளமாகக் கண்டு கண்டித்தார். தமக்கென ஒரு மனச்சான்று உண்டென்றும், இந்தியப் புரோகிதரின் நுகத்தடியிலிருந்து விடுபட்ட தாம் மற்றொரு நுகத்தடியை ஏற்பதற்கில்லை என்றும் 1885-இல் ரமாபாய் மறுமொழி எழுதினார். கல்லூரித் தலைவி டொரத்தியா பீலோ அதே ஐயங்களைக் கடிதவழி உரையாடலுக்குரிய வினாக்களாக ஏற்றார். ஒருவர் கீழ்ப்படிதலை எதிர்பார்த்தார். மற்றவர் காரணம் கேட்டார், காரணம் கூறினார். 'ஒருவருக்கொருவர்' என்னும் சொல்லுக்குரிய நட்பு பின்னதிலேயே கூடுதலாக விளங்குகிறது.

4. தமிழகத்து ஒப்புமை

திருப்பத்தூரில் 1921-இல் கிறிஸ்துகுல ஆசிரமத்தை நிறுவிய மருத்துவர்கள் ச. இயேசுதாசனும் எர்னெஸ்ட் பாரெஸ்டர் பேட்டனும் முறையே 'பெரியண்ணன்', 'சின்னண்ணன்' என அழைக்கப்பட்டனர். ஆங்கிலேயர் ஆண்ட காலத்தில் ஸ்காட்லாந்துக்காரர் 'சின்ன' என்னும் அடையை ஏற்றது, அக்கால அதிகார வரிசையைத் தலைகீழாக்கியது. வாண்டேஜில் காணாத ஒரு சமன்பாடு இங்கு விளியிலேயே அமைந்துள்ளது. எனினும் இருவரும் அண்ணன்மாராயின், ஏனையோர் தம்பியர் ஆவர். தம்பி அண்ணனை இடித்துரைக்க அவ்விளி எவ்வளவு இடந்தரும் என்பது எண்ணத்தக்கது. உறவுமுறைச் சொல் நெருக்கத்தைத் தருவதுபோல் வரிசையையும் தருகிறது.

5. தொகுப்பு பற்றிய மதிப்பீடு

இக்கடிதங்களைத் தொகுத்துக் குறிப்பு எழுதியவர் ஜெரால்டினே. வழக்கில் ஒரு தரப்பாக நின்றவரே ஆவணத்தையும் வரிசைப்படுத்தியிருப்பது இந்நூலின் குறை. அவர் குறிப்புகள் பல இடங்களில் ரமாபாயைத் தீர்ப்பிடுகின்றன. ஆகவே குறிப்பையும் கடிதத்தையும் வாசகர் வேறுபிரித்துப் படித்தல் வேண்டும். ஆயின் மறுபுறமும் ஒன்றுண்டு. தம்மை நேருக்கு நேர் மறுக்கும் கடிதங்களை அவர் அழிக்கவில்லை. பிறர் படித்துத் தீர்மானிக்குமாறு காத்து வைத்தார். தோழிக்கு நேரில் கொடுக்க இயலாத கணக்கை இவ்வகையில் அவர் கொடுத்துள்ளார் என்று கொள்ள இடமுண்டு.

6. முடிவுரை

ரமாபாய் நாடு திரும்பிய பின்னரும், 1889-இல் தொடங்கிய சாரதா சதனம் மறு ஆண்டில் புனேக்கு மாறிய பின்னரும் இக்கடிதப் போக்குவரத்து தொடர்ந்தது. கண்டனம் நட்பை முறிக்கவில்லை. மறுத்துரைக்கும் உரிமை இருந்தமையே அதனைக் காத்தது எனலாம். இடித்துரைப்பவர் தாமும் இடித்துரைக்கப்பட இசைந்தாலன்றிப் பொறுப்புக் கூறல் அதிகாரமாகத் திரியும் என்பதே இத்தொகுப்பால் பெறப்படும் முடிபாகும்.