மஞ்சப் பை பெரியப்பா!

திங்கட்கிழமை காலை. உங்கள் ஆபீஸ் மீட்டிங் ரூம். சுவரில் கலர் கலராய் சார்ட். எல்லாக் கட்டமும் பச்சை. புராஜெக்ட் மேனேஜர் எழுந்து, ‘‘தொண்ணூறு பர்சென்ட் முடிஞ்சாச்சு சார்!’’ என்கிறார். போன மாதமும் இதே தொண்ணூறுதான். அடுத்த மாதமும் தொண்ணூறாகத்தான் இருக்கும். அது உங்களுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். பாஸுக்கு மட்டும் தெரியாது... அல்லது தெரியாத மாதிரி உட்கார்ந்திருக்கிறார்.

இதுதான் புராஜெக்ட் மேனேஜ்மென்ட் என்றால், அது எதற்கு நமக்கு?

அமெரிக்காவின் டென்வர் நகரத்தில் புதிதாக ஒரு விமான நிலையம் கட்டினார்கள். 1993 அக்டோபரில் திறப்பதாகத் திட்டம். பயணிகளின் பெட்டிகளை கம்ப்யூட்டர் ஓட்டும் குட்டி வண்டிகளே கொண்டுபோய்ச் சேர்த்துவிடும் என்றார்கள். டெண்டர் கேட்டபோதே, ‘அந்தத் தேதிக்குள் முடியாது’ என்று பதில் வந்தது. ஆனாலும் தேதியை மாற்றாமல் ஒரு கம்பெனியிடம் வேலையைக் கொடுத்தார்கள். பாதி வேலையில், ‘அதை மாத்து, இதை மாத்து’ என்று வேறு கேட்டார்கள்.

1994-ல் பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டு ஓட்டிக் காட்டியபோது... பெட்டிகள் பறந்தன, பிளந்தன, உள்ளே இருந்த துணிமணிகள் சிதறின! விமான நிலையம் திறந்தது 1995 பிப்ரவரியில். அதுவும் பழைய முறையில் பெட்டி ஏற்ற தனி ஏற்பாடு செய்துகொண்டு! 2005-ல் அந்த நவீன சிஸ்டத்தையே நிறுத்திவிட்டார்கள்.

அவ்வளவு பெரிய வேலையில் சார்ட்டுக்கும் மீட்டிங்குக்கும் பஞ்சமா இருந்திருக்கும்? ‘முடியாது’ என்பதைக் காதில் வாங்கி, ‘சரி, தேதியை மாத்துவோம்’ அல்லது ‘வேலையைக் குறைப்போம்’ என்று நேரத்தோடு முடிவெடுக்கத்தான் ஆள் இல்லை. பிளானில் தப்பு என்றால் அழிக்க ரப்பர் போதும். கட்டி முடித்த பிறகு தப்பு என்றால் கடப்பாரை வேண்டும். கெட்ட செய்தி லேட்டாக வந்தால் அதற்கு வட்டி அதிகம் சார்!

இப்போது டெல்லி மெட்ரோவைப் பாருங்கள். 1997-ல் ஸ்ரீதரன் தலைமையேற்றார். வேலை நடக்கிற இடங்களில், ‘இன்னும் இத்தனை நாள்தான் பாக்கி’ என்று காட்டும் பலகைகளை வைத்தார்கள். முதல் கட்டம், சொன்ன காலத்துக்கு முன்பே 2005-ல் முடிந்தது. பலகையைப் பார்த்து மயங்கிவிடாதீர்கள். பலகையை யார் வேண்டுமானாலும் வாங்கி மாட்டலாம். ஆட்களைத் தேர்ந்தெடுக்கவும், டெண்டரை முடிவு செய்யவும் அவருக்குச் சுதந்திரம் இருந்ததே... அதுதான் விஷயம். 2009-ல் ஜம்ருத்பூரில் கட்டுமானத்தில் இருந்த பாலம் இடிந்து உயிர்கள் போனபோது, தார்மிகப் பொறுப்பேற்று ராஜினாமா கடிதம் கொடுத்தவரும் அவரேதான். அரசு அதை ஏற்கவில்லை. அதிகாரமும் பொறுப்பும் ஒரே ஆளிடம்!

நம் ஆபீஸ்களில்? பொறுப்பு மட்டும் புராஜெக்ட் மேனேஜருக்கு. அதிகாரம் மாடியில். ஒரு ஆளைக் கூடுதலாகப் போடக்கூட மூன்று கையெழுத்து. ‘சிவப்பு’ என்று சொன்னால் திட்டு. பிறகு ஏன் அவர் பச்சை அடிக்க மாட்டார்?

கல்யாண வீடுகளில் ஒரு பெரியப்பாவைப் பார்த்திருப்பீர்கள். அக்குளில் மஞ்சப் பை, அதில் பணம். ‘‘பெரியப்பா, பந்திக்கு இன்னும் நூறு இலை போடணுமாம், பால் பத்தாது!’’ என்று ஓடி வருகிற பையனை அவர் திட்ட மாட்டார். ‘‘பிடி, போய் வாங்கிட்டு வா!’’ அவ்வளவுதான். அவரிடம் சார்ட் கிடையாது. ஆனால், கெட்ட செய்தி ரெண்டே நிமிஷத்தில் அவரிடம் வந்துவிடும். முடிவும் அங்கேயே!

புராஜெக்ட் மேனேஜ்மென்ட்டின் வேலை இதுதான். மற்றதெல்லாம் கலர் பென்சில்.

நீங்கள் பாஸ் என்றால், அடுத்த திங்கட்கிழமை ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்... ‘‘எது சிவப்பு?’’ பதில் சொல்பவரைத் திட்டாதீர்கள். நீங்கள் புராஜெக்ட் மேனேஜர் என்றால், பொறுப்பை ஏற்குமுன் கேளுங்கள்... ‘‘பை யார் கையில சார்?’’