முத்திரை எதற்குச் சான்று?

2006-ஆம் ஆண்டு ஜனவரி 2-ஆம் நாள் பிற்பகல், ஜெர்மனியின் பவேரியா மாநிலத்திலுள்ள பாட் ரைஹென்ஹால் என்ற ஊரில், பனிச்சறுக்கு அரங்கின் மரக்கூரை இடிந்து விழுந்தது. 15 பேர் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் சிறுவர் சிறுமியர். கூரையின்மேல் வெண்பனி கனமாகக் கிடந்தது உண்மை. ஆனால் அதன் எடை, கூரை தாங்கவேண்டும் என்று விதித்திருந்த அளவை எட்டவில்லை. ஆகவே வானத்தின்மேல் பழியைப் போட்டுவிட முடியாது. "மரம்தானே, உளுத்திருக்கும்" என்பவர்களும் உண்டு. அதுவும் பொருந்தாது. இங்கே முதன்மையாகக் கைவிட்டவை பசையும் காகிதமும் ஆகும்.

காகிதத்தை முதலில் பார்ப்போம். 1970-களின் தொடக்கத்தில் கட்டப்பட்ட அந்த அரங்கின் உத்தரங்கள் பெட்டி வடிவானவை. மேலும் கீழும் கனத்த மரச் சட்டங்கள். இருபுறமும் ஒட்டிச் செய்த பலகைச் சுவர்கள். இவ்வகை உத்தரத்துக்கு முறையான அரசு ஒப்புதல் இருந்தது. ஆனால் அது 1.2 மீட்டர் உயரம் வரைக்குமே. கூரையில் ஏறியவையோ 2.87 மீட்டர் உயரமுள்ளவை! இவற்றுக்கெனத் தனி ஒப்புதல் பெறப்படவில்லை.

"உயரம் கூடினால் வலுவும் கூடும் அல்லவா?" என்று மாணவர்கள் கேட்கலாம். செவ்வக உத்தரத்தின் வளைவு வலு உயரத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும் என்பது பாடநூல் செய்தி. ஆனால் அது குறையே இல்லாத பொருளுக்குச் சொன்னது. மரத்தில் கணு உண்டு, கோணலான இழை உண்டு, சரியாகப் பற்றாத ஒட்டு உண்டு. பொருளின் அளவு பெருகப் பெருக, இத்தகைய குறை ஒன்று மோசமான இடத்தில் அமையும் வாய்ப்பும் பெருகுகிறது. சங்கிலியின் வலு அதன் நலிந்த வளையத்தின் வலுவே. வளையங்கள் மிகுந்தால் நலிந்த ஒன்று அகப்படுவதும் எளிது. எனவே சிறிய உத்தரத்தை உடைத்துப் பார்த்துப் பெற்ற எண்ணைப் பெரிய உத்தரத்துக்கு நீட்டுவது கணக்கு ஆகாது, ஊகமே. போதாக்குறைக்கு வடிவமைப்புக் கணக்கிலும் பிழை இருந்தது. இரண்டு மடங்குக்குமேல் இருக்கவேண்டிய பாதுகாப்பு, கட்டிய நாளிலேயே ஏறத்தாழ ஒன்றரை மடங்குதான் இருந்தது.

அடுத்து பசை. பல இணைப்புகளில் யூரியா-பார்மால்டிஹைடு பசை பயன்பட்டிருந்தது. மலிவானது, உலர்ந்த இடத்தில் நன்றாகவே பிடிக்கும். ஈரம் தொடர்ந்து பட்டால் அதன் வேதிப் பிணைப்புகள் நீராற்பகுப்பால் மெல்ல அறுகின்றன. அடுக்களைத் தொட்டியின் கீழுள்ள மலிவான ஒட்டுப்பலகை உப்பி, அடுக்கடுக்காகப் பிரிவதைப் பார்த்திருப்பீர்கள். இதே வகைப் பசைதான் அது.

கூரைக்குள் ஈரம் எங்கிருந்து வந்தது? ஒழுகல் ஒரு வழி. மற்றொன்று இயற்பியலார் முன்கூட்டியே சொல்லியிருக்கக் கூடியது. கீழே பனிக்கட்டித் தளம். மேலேயுள்ள மரம் தன் வெப்பத்தைக் கதிர்வீச்சாக அதற்கு இழந்துகொண்டே இருக்கிறது; திரும்பப் பெறுவது குறைவு. அதனால் மரத்தின் கீழ்ப்பரப்பு சூழ்ந்த காற்றைவிடக் குளிர்ந்து பனிநிலைக்குக் கீழே போய்விடுகிறது. காற்றின் நீராவி அதன்மேல் நீராகப் படிகிறது. தெளிந்த இரவில் வெட்டவெளியில் விட்ட மிதிவண்டியின் இருக்கை விடியற்காலையில் நனைந்திருப்பதும் இதே விதியால்தான். முப்பதுக்கும் மேற்பட்ட ஆண்டுகள் இது நடந்திருக்கிறது.

சான்றிதழ் பொய் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். இந்த அளவு, இந்தச் சூழல் என்ற எல்லைக்குள் அது உண்மையே பேசியது. எல்லை ஒரு வரியாக உள்ளே கிடக்க, முத்திரை மட்டும் ஊருக்குத் தெரிகிறது. என் குறை இதுதான். ஒவ்வொரு கட்டடத்தையும் உடைத்துப் பார்க்க முடியாது. மாதிரியைச் சோதித்து வகைக்கு ஒப்புதல் தருவதைத் தவிர வேறு வழியில்லை என்பார்கள். ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் கட்டி முடித்த பின் நெருங்கிச் சென்று பார்ப்பது கட்டாயம் ஆகிறது. 2003-இல் அந்த அரங்கைப் பார்வையிட்ட பொறியாளர் உத்தரங்களைக் கைக்கெட்டும் தொலைவில் ஆராயாமலேயே, கட்டுமானம் பொதுவாக நல்ல நிலையில் உள்ளதென எழுதினார். பிரிந்த ஒட்டு தரையிலிருந்து தெரிவதில்லை.

இது பழங்கதை அன்று. குறுக்கும் நெடுக்குமாகப் பலகைகளை ஒட்டிச் செய்த கனத்த மரப்பாளங்களால் இன்று மாடிகள் எழுகின்றன. அமெரிக்காவில் மில்வாக்கி நகரில் 2022-இல் முடிந்த 25 மாடிக் கட்டடத்தில் மேல் 19 மாடிகள் மரத்தாலானவை. தீ பட்டால் பாளத்தின் வெளிப்புறம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 0.65 மில்லிமீட்டர் வீதம் கரியாகும். அந்தக் கரியே உள்மரத்தைக் காக்கும் என்பது கணக்கு. பசை சூட்டில் இளகிக் கரிந்த அடுக்கு கழன்று விழுந்தால், புது மரம் தீக்கு முகம் காட்டும்; கணக்கு கெட்டுவிடும். வட அமெரிக்கத் தரவிதி 2018-இல்தான் இதற்கெனப் பசையை நெருப்பில் சோதிக்கக் கட்டாயப்படுத்தியது. ஈரத்துக்கான சோதனையோ, ஒரு துண்டை நீரில் அமிழ்த்தி, வெற்றிடத்தாலும் அழுத்தத்தாலும் நீரை உட்செலுத்தி, உலர்த்தி, ஒட்டு எவ்வளவு விரிந்தது என்று அளப்பது. நல்ல சோதனைதான். ஐம்பது ஆண்டு நிற்கவேண்டிய சுவருக்கு அது மட்டும் போதும் என்று நான் சொல்லமாட்டேன். அந்தச் சுவர்களை எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை, யார், எவ்வளவு அருகில் நின்று பார்க்கவேண்டும் என்பதும் சான்றிதழின் முதல் பக்கத்திலேயே இருக்கவேண்டும்.