அடித்த கோட்டின் அழகு

செய்ய வேண்டிய வேலைகளைக் குறித்துவைக்கும் அந்தத் துண்டுச் சீட்டைக் கொஞ்சம் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பல வீடுகளில் அது தினசரிக் காலண்டரிலிருந்து கிழித்த நேற்றைய தாளாகத்தான் இருக்கும். முன்பக்கம் கொட்டை எழுத்தில் தேதி, ராகுகாலம், எமகண்டம். பின்பக்கத்தில் இன்றைய வேலைகள். தாள் மெலிதென்பதால் போன நாளின் தேதி இந்தப் பக்கம் இளநிழலாய் ஊறித் தெரியும். அதன்மேல் நீல மையில் புதிய நாள் வரிவரியாக இறங்கும். முடிந்த நாளின் முதுகில் வரும் நாளை முதலில் எழுதிய கை எதுவோ, அதற்கு ஒரு கும்பிடு.

உச்சியில் பிள்ளையார் சுழி. மளிகைச் சீட்டென்றால் அதன்கீழ் முதல் வரி மஞ்சள். டப்பாவில் மஞ்சள் நிறைய இருந்தாலும் அதை எழுதிவிட்டுத்தான் துவரம்பருப்புக்கு வருவார்கள். வெறும் கணக்குக் காகிதத்துக்கு ஒரே சொல்லில் மங்கலம் வந்துவிடுகிறது.

அடுத்து, அந்த வரிகளின் சிக்கனம். ‘கரன்ட் பில்.’ ‘அத்தை மாத்திரை.’ ‘டெய்லர்.’ அவ்வளவுதான். ‘அத்தை மாத்திரை’ என்ற இரண்டு சொல்லுக்குள் எவ்வளவு அடங்கியிருக்கிறது பாருங்கள்: அட்டையில் இன்னும் இரண்டுதான் பாக்கி, நாளை ஞாயிற்றுக்கிழமை, மருந்துக்கடை பூட்டியிருக்கும், அத்தை தானாக வாய்திறந்து கேட்கமாட்டார். இத்தனையும் தெரிந்த ஒருவர்தான் அதை அவ்வளவு சுருக்கமாக எழுத முடியும். அந்தச் சுருக்கத்தில் இருப்பது முழுக்க அன்பு.

இதற்கு நேரெதிரான இன்னோர் அழகு, லியொனார்டோ டா வின்சி 1490 வாக்கில் மிலான் நகரில் எழுதிவைத்த பட்டியல். வரிக்கு வரி ஒரு வினை. மிலானை அளக்க வேண்டும்; ஃபிளாண்டர்ஸில் பனிக்கட்டியின் மேல் எப்படிப் போய்வருகிறார்கள் என்று கேட்க வேண்டும். நான் மீண்டும் மீண்டும் சொக்கி நிற்பது அவர் அங்கங்கே எழுதியிருக்கும் ஆட்களின் பெயர்களில். தனக்குத் தெரியாதது எது, அது யாருக்குத் தெரியும் என்ற இரண்டையும் ஒரே வரியில் வைத்திருக்கிறார் அந்த மேதை. கற்கும் ஆசைக்கு இதைவிட வடிவான உருவம் இருக்கிறதா?

இனி, முடிந்த வேலையை அடிக்கும் கோடு. சிலர் எழுத்தே தெரியாதபடி கிறுக்கி அழிப்பார்கள். எனக்குப் பிடித்தது, சொல்லின் இடுப்பில் ஓடும் ஒற்றை மெல்லிய கோடு. வேலை முடிந்தது தெரியும். என்ன வேலை என்பதும் தெரியும். மாலையில் அந்தச் சீட்டை எடுத்தால் அன்றைய பகல் முழுவதையும் வாசித்துவிடலாம்.

நியூயார்க்கின் புரூக்ளினைச் சேர்ந்த வடிவமைப்பாளர் ரைடர் கரோல் 2013-இல் உலகுக்குக் காட்டிய புல்லட் ஜர்னல் முறையில் கோடுகூட இல்லை, புள்ளிதான். ஒரு வேலைக்கு ஒரு புள்ளி. முடிந்தால் அதே புள்ளியின் மேல் பெருக்கல் குறி. முடியாமல் அடுத்த மாதத்துக்குப் போனால் அதே புள்ளி வலப்பக்கம் பார்க்கும் அம்பு முனை. எதையும் அழிக்க வேண்டாம். வாசலில் வைத்த புள்ளி கோலத்துக்குள் கலந்துவிடுவதுபோல, முதலில் வைத்த புள்ளி பின்னால் வரும் குறிக்குள் அடங்கிவிடுகிறது. தள்ளிப்போன வேலையைக் கையாலேயே திரும்ப எழுத வேண்டும் என்பது இம்முறையின் உயிர். அப்படி எழுதும்போது ‘இது உண்மையிலேயே வேண்டுமா?’ என்று விரலே கேட்டுவிடும்.

கைபேசிக்கும் தனி நளினம் உண்டு. மைக்ரோசாஃப்ட் டூ டூ செயலியில் ‘மை டே’ என்றொரு பக்கம். நள்ளிரவு தாண்டியதும் அது தானாகக் காலியாகிவிடும். செய்யாமல் விட்ட வேலைகள் தொலைவதில்லை. தத்தம் பட்டியலிலேயே இருக்கும், மறுநாள் பரிந்துரையாக வந்து நிற்கும். நேற்றின் பாக்கியை முகத்தில் எறியாமல் ஒரு சுத்தமான பக்கத்தைக் கையில் தருகிற அந்தப் பெருந்தன்மையை யோசித்துச் செய்த வடிவமைப்பாளர் வாழ்க.

எனக்குத் தாள்தான் முதல் காதல். ஆனாலும் இரண்டு பேர் சேர்ந்து நடத்தும் பட்டியலில் கைபேசியை மிஞ்ச முடியாது. கூகிள் கீப் செயலியில் பகிர்ந்துகொண்ட காய்கறிப் பட்டியலைப் பாருங்கள். கணவர் சந்தையில் நிற்கிறார். வீட்டில் மனைவி ‘கொத்தமல்லி, வாடினது வேண்டாம்’ என்று சேர்க்கிறார். சில நொடியில் அந்த வரி கணவரின் கட்டைவிரலுக்குக் கீழே முளைக்கிறது. அவர் டிக் அடித்ததும் இங்கே அது கோடு வாங்கிக்கொண்டு கீழே இறங்குகிறது. போன் பேச வேண்டியதில்லை. ரசத்துக்குப் புளியைக் கரைக்க ஆரம்பிக்கலாம்.