தெருவின் எல்லை: பாமாவின் ‘கருக்கு’

தாம் வளர்ந்த தெருவைப் பற்றி எழுதுவோர்க்குக் காலம் ஒரு சலுகை தருகிறது. கசப்பை அது வடிகட்டிவிடுகிறது. கிணற்றடிப் பேச்சும், கேளாமலே வந்த ஒரு கிண்ணம் குழம்பும், பண்டிகைப் பலகாரமுமே மனத்தில் தங்குகின்றன. அத்தகைய எழுத்தை நாம் விரும்பிப் படிப்பதில் தவறில்லை. ஆயினும், நம் இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரம் தமிழுக்கு அளித்த தெரு நினைவு நூல் ஒன்று அந்தச் சலுகையை ஏற்க மறுத்தது. பாமா எழுதி 1992-இல் வெளிவந்த ‘கருக்கு’ என்னும் தன்வரலாறே அது.

ஸ்ரீவில்லிபுத்தூர் என்றதும் ஆண்டாள் கோயில் கோபுரமும் பால்கோவாவும் பலர்க்கு நினைவில் எழும். அங்கிருந்து வடக்கே, மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் வத்திராயிருப்பை அடுத்துள்ள புதுப்பட்டி இந்நூலின் களம். அவ்வூரில் தலித் கத்தோலிக்கக் குடும்பம் ஒன்றில் 1958-இல் பிறந்தவர் ஆசிரியை. துறவு சபை ஒன்றில் சேர்ந்து, பின்னர் அதைவிட்டு வெளியேறிய நிலையில் இதை எழுதினார்.

மலைகளையும் நீர்நிலைகளையும் வருணித்தே நூல் தொடங்குகிறது. தெரு மனிதர்களும் அவர்களுக்கு ஊரார் சூட்டிய பட்டப்பெயர்களும் அணிவகுத்து வருகின்றன. சிரிப்புக்குக் குறைவில்லை. அந்தச் சிரிப்பினூடே ஆசிரியை ஊரின் அமைப்பையும் சொல்லிவிடுகிறார். அஞ்சலகம், பஞ்சாயத்து அலுவலகம், பால் டிப்போ, பெரிய கடைகள், பள்ளிகள், ஆலயம் யாவும் மேல்சாதியார் தெருக்களில் இருந்தன. எனவே இத்தெருவுக்கு வரவேண்டிய தேவை அவர்களுக்கு எழவே இல்லை. இத்தெருவாரோ கடிதம் அனுப்பவும், எழுத்தறியவும், திருப்பலி காணவும் அங்கே சென்றாக வேண்டும். அயலுறவு ஒருவழிப் பாதையாக இருந்தது என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்லிவிட முடியாது.

இந்நூலைப் பற்றிப் பேசுவோர் பலரும் வடைப் பொட்டலத்தைக் குறிப்பிடுவர். பெரியவர் ஒருவர் பொட்டலத்தைத் தொடாமல், அதன் நூலைப் பிடித்துத் தூக்கிச் செல்கிறார். அதைக் கண்டு நகைத்த சிறுமிக்கு அண்ணன் காரணத்தை விளக்குகிறார். பண்ணை வீட்டில் வேலை செய்யும் பாட்டிக்குத் தண்ணீர் உயரத்திலிருந்து ஊற்றப்படுகிறது. அவர் கைகளைக் குவித்து ஏந்திக் குடிக்கிறார். இக்காட்சிகள் நம்மை உலுக்குவதற்குக் காரணம், முதல் அதிகாரத்தில் வரையப்பட்ட அந்தத் தெருப்படமே என்பது என் கருத்து. சிரித்துப் பழகிய மனிதர்கள் நம் கண்முன் சிறுமைப்படுத்தப்படுகிறார்கள்.

நூலின் பேச்சுமொழி கொச்சை என்ற குறை எழுந்ததுண்டு. செந்தமிழில் எழுதியிருந்தால் அத்தெருவை வெளியாள் ஒருவரின் கண்கொண்டே பார்த்திருப்போம். பனைமட்டையின் இருபுறமும் உள்ள கருக்கை, எபிரேயர் திருமுகம் கூறும் இருபுறமும் கூர்மையான வாளோடு இணைத்துப் பேசுகிறது முன்னுரை. அந்தக் கூர்மை மொழியிலும் இருந்தாக வேண்டும். உண்மையான குறை வேறிடத்தில் உள்ளது. துறவு வாழ்வைப் பேசும் பிற்பகுதியில் காட்சிகள் குறைந்து, ஒரே ஆதங்கம் பலமுறை திரும்பச் சொல்லப்படுகிறது. காட்டும்போது பெறும் வலிமையை, வாதிடும்போது நூல் ஓரளவு இழக்கிறது.

இதனோடு சேர்த்துப் படிக்கத்தக்கது, பாமாவின் அண்ணன் ராஜ் கௌதமன் (1950–2024) எழுதிய ‘சிலுவைராஜ் சரித்திரம்’ (2002). அதே மண்ணின் வாழ்வை அவர் நாவலாக்கி, தன்னையே எள்ளி நகையாடிச் சொல்கிறார். தங்கை நேர்நின்று வலியைச் சொல்ல, அண்ணன் நகைப்பின் வழியே அதனை அணுகுகிறார். ஒரு தெருவுக்கு ஒரு சாட்சி போதாது என்பதை இவ்விரு நூல்களும் உணர்த்துகின்றன.

தனக்கு அயலான் யார் எனச் சட்ட வல்லுநர் ஒருவர் ஆண்டவரிடம் வினவியதை லூக்கா நற்செய்தியின் பத்தாம் அதிகாரத்தில் படிக்கிறோம். ‘கருக்கு’ அவ்வினாவை நம் ஊர்ப்படத்தின்மேல் வைக்கிறது. கல்லறைத் தோட்டத்தின் நடுவே சுவர் எழுப்பிய பங்குகளும், தேர்ப்பவனி நுழையாத தெருக்களும் தமிழகத் திருச்சபையின் வரலாற்றில் உண்டு. இந்நூல் திருச்சபையைத் தாக்குகிறது என்று வருந்துவோர், அது திருச்சபையின் மகள் ஒருவர் எழுதியது என்பதையும் எண்ண வேண்டும். அன்பியக் கூட்டமொன்றில் இதன் முதல் அதிகாரத்தை உரக்க வாசியுங்கள். பின்னர் உங்கள் ஊரின் ஆலயம், பள்ளி, கடை, கல்லறை ஆகியவற்றை ஒரு தாளில் குறித்து, எந்தத் தெருவுக்குள் போவதற்கு உங்களுக்கு இதுவரை காரணமே ஏற்படவில்லை என்று பாருங்கள்.