திரைக்குப் பின்னால் சலங்கை

1990களின் பிற்பகுதியில் சன் டிவியில் வந்த 'விடாது கருப்பு' தொடரைப் பார்த்தவர்களுக்கு இன்றும் நினைவில் நிற்பது குளம்படிச் சத்தம். இந்திரா சௌந்தர்ராஜன் எழுதி நாகா இயக்கிய அந்தத் தொடர், வெள்ளைக் குதிரையில் வரும் கருப்பசாமியைக் காட்ட அவசரப்படவே இல்லை. காது முதலில் நம்பியது. கண் பிறகுதான் பார்த்தது. இன்றைய மாயத்தொடர்கள் பல, பாம்பையும் பூதத்தையும் முதல் காட்சியிலேயே கணினி வரைகலையில் கொட்டிவிடுகின்றன.

காக்கவைக்கும் இந்தக் கலையைத் தருமபுரிப் பக்கத்துத் தெருக்கூத்தில் விடிய விடிய ரசிக்கலாம். இருவர் திரையைப் பிடிக்க, வேடக்காரர் அதன் பின்னாலிருந்தே பாடுகிறார். சலங்கை குலுங்குகிறது, மிருதங்கம் அதிர்கிறது, முகவீணை கூர்மையாக இழைகிறது. திரைக்கு மேலே கிரீடத்தின் நுனி மட்டும் கண்ணாடிச் சில்லுகளோடு மின்னும். அரிதாரத்துக்குள் இருப்பவர் பக்கத்து ஊர்க்காரர்தான். ஆனாலும் திரை விலகியதும் முன்வரிசைப் பிள்ளைகள் சற்றுப் பின்னால் நகர்ந்துகொள்வார்கள்.

புதிய மாயத்தொடர் எழுத நினைப்பவருக்கு இங்கே கதையும் காத்திருக்கிறது.

இன்றைய தருமபுரியான தகடூரை ஆண்ட அதியமான், ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த கதை அது. முதல் அத்தியாயத்தில் கனியைக் காட்டவே வேண்டாம். ஒகேனக்கல்லின் நீர்ப்புகை, பாறையில் அறையும் காவிரியின் இரைச்சல், நடுவே யாரோ நெல்லியைக் கடிக்கும் 'நறுக்'. முதல் வாரத்துக்கு இவ்வளவு போதும்.