துப்பாக்கியை மாற்றும் முன்

மதுரையில் ஏர் ரைபிள் பழகும் பிள்ளைகளின் பெற்றோர் பலர் ஒரு கட்டத்தில் ஒரே கேள்வியில் வந்து நிற்கிறார்கள். முதல் ஆண்டு மதிப்பெண் மளமளவென்று ஏறியது. பிறகு சில மாதங்களாக அசையவில்லை. கிளப்பின் பொது ரைபிளை விட்டுவிட்டு, சொந்தமாக ஒரு ஜெர்மன் ரைபிள் வாங்கிக் கொடுத்தால் ஏறுமா? அதன் விலை இரண்டு லட்சம் ரூபாயைத் தாண்டும். மேலூரிலோ திருமங்கலத்திலோ இருந்து பேருந்தில் வந்து பழகும் பிள்ளையின் வீட்டில், அது நகையை அடகு வைத்து எடுக்கிற முடிவு.

இந்தக் கேள்விக்குப் பொதுவாக இரண்டு பதில்கள் கிடைக்கின்றன. 'வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம், பயிற்சியைக் கூட்டு' என்பது ஒன்று. 'நல்ல கருவி இல்லாமல் இந்த விளையாட்டில் ஒன்றும் நடக்காது' என்பது மற்றொன்று. இரண்டுமே பாதி உண்மைகள். எந்தப் பாதி யாருக்குப் பொருந்தும் என்று பிரித்துச் சொல்லாததால்தான் குடும்பங்களின் பணமும் பிள்ளைகளின் ஆண்டுகளும் வீணாகின்றன.

முதலில் அளவுகளைப் பார்ப்போம். பத்து மீட்டர் ஏர் ரைபிள் இலக்கின் மொத்த விட்டம் 45.5 மில்லிமீட்டர். நடுவில் உள்ள பத்துப் புள்ளி வெறும் 0.5 மில்லிமீட்டர்; அதைத் தொட வேண்டிய பெல்லட்டின் விட்டம் 4.5 மில்லிமீட்டர். 75 நிமிடங்களில் 60 முறை சுட வேண்டும். ஒரு சூட்டுக்கு அதிகபட்சம் 10.9, ஆக மொத்தம் 654. பெல்லட்டின் மையம் இலக்கின் மையத்திலிருந்து 2.5 மில்லிமீட்டர் விலகினால் 10.0, 5 மில்லிமீட்டர் விலகினால் 9.0. கால் மில்லிமீட்டர் விலகலுக்கு 0.1 மதிப்பெண் போய்விடும்.

இந்த விலகலுக்கு இரண்டு ஊற்றுகள் உண்டு. ஒன்று, சுடுபவரின் உடலும் மனமும்: மூச்சு, இதயத் துடிப்பு, ட்ரிகரை இழுக்கும் விரல், குறி பார்க்கும் கண். மற்றொன்று, ரைபிளும் பெல்லட்டும். ரைபிளை வைஸ் என்ற பிடிகருவியில் இறுக்கி மனிதக் கை படாமல் சுட்டாலும் எல்லாக் குண்டுகளும் ஒரே துளையில் போய் விழாது. இந்த இரண்டு சிதறல்களும் நேராகக் கூடுவதில்லை. இரண்டின் வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுக்க வேண்டும். பள்ளியில் படித்த பிதாகரஸ் தேற்றத்தின் கணக்குதான். பெரிய சிதறல் சின்னதை ஏறக்குறைய விழுங்கிவிடும் என்பது இதன் விளைவு.

மாதிரிக்குச் சில எண்களை எடுத்துக்கொள்வோம். பழைய ரைபிளின் சொந்தச் சிதறல் சராசரியாக 2 மில்லிமீட்டர், பந்தயத் தர ரைபிளின் சிதறல் அரை மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். தன் சொந்த ஆட்டத்தால் 5 மில்லிமீட்டர் விலகும் தொடக்கநிலைப் பிள்ளைக்குப் புது ரைபிளைக் கொடுத்தால், 60 சூட்டில் சுமார் 9 மதிப்பெண் கூடும். அதே பிள்ளை பழைய ரைபிளோடு தன் ஆட்டத்தை 5இலிருந்து 4 மில்லிமீட்டராகக் குறைத்துக்கொண்டால் கூடுவது சுமார் 22.

இனி 1.25 மில்லிமீட்டர் மட்டுமே விலகும், 630 அளவில் சுடக்கூடிய, தேர்ந்த வீரரை எடுத்துக்கொள்வோம். பழைய ரைபிளில் அவர் தன் ஆட்டத்தை அதேபோல் ஐந்தில் ஒரு பங்கு குறைத்தாலும் 3 மதிப்பெண்தான் கூடும். ரைபிளை மாற்றினாலோ 24 கூடும். கருவி அதேதான், உழைப்பின் விகிதமும் அதேதான். யாருக்கு எது என்பதில் விடை தலைகீழாகிறது. 'துப்பாக்கியா, பயிற்சியா' என்று பொதுவாகக் கேட்பதே தவறு. இவருடைய விலகலில் பெரும்பங்கு எங்கிருந்து வருகிறது என்றுதான் கேட்க வேண்டும்.

மேல்மட்டத்தில் இடைவெளி எவ்வளவு மெல்லியது என்பதை 2024 பாரிஸ் ஒலிம்பிக் காட்டியது. மகளிர் ஏர் ரைபிள் தகுதிச் சுற்றில் ரமிதா ஜிண்டல் 631.5 எடுத்து ஐந்தாவதாக வந்து இறுதிச் சுற்றுக்குப் போனார். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 630.7 எடுத்துப் பத்தாவது இடத்தில் நின்றார். இறுதிக்குப் போவது எட்டுப் பேர். இருவருக்கும் இடையே 0.8தான். அதை 60 சூட்டுக்குப் பங்கிட்டால், ஒரு சூட்டுக்கு ஒரு மில்லிமீட்டரின் முப்பதில் ஒரு பங்கு. இந்த அளவில் குழலின் தரமும், அந்தக் குழலுக்கு ஒத்துவரும் பெல்லட்டைத் தொகுதி தொகுதியாகச் சோதித்துத் தேர்ந்தெடுப்பதும் ஆடம்பரமல்ல. புல்லை ஆயுதமாக்கும் வல்லவர்கள் இங்கே தோற்றுப்போவார்கள்.

அதே பாரிஸில் சிறப்பு லென்ஸும் கண்ணுக்கான பக்கமறைப்பும் இல்லாமல், ஒரு கையைப் பையில் விட்டுக்கொண்டு சுட்டு வெள்ளி வென்ற துருக்கியின் யூசுஃப் டிகெச்சின் படம் உலகமெங்கும் பரவியது. கருவியே தேவையில்லை என்பதற்கு அவரைச் சான்றாகக் காட்டியவர்கள் ஒன்றைக் கவனிக்கவில்லை. அவர் ஒதுக்கியது துணைக் கருவிகளை மட்டுமே; கையில் இருந்தது பந்தயத் தரக் கைத்துப்பாக்கி. அதற்கு முன்பே, 2008 முதல் ஒவ்வொரு ஒலிம்பிக்கிலும் அவர் சுட்டிருந்தார். எந்தக் கருவி தனக்கு வேண்டாம் என்று தெரிந்துகொள்வதும் பயிற்சியின் விளைவுதான்.

பந்தய ரைபிளுக்குத் துல்லியத்தைத் தாண்டி இன்னொரு வலு உண்டு. விலை குறைந்த ஸ்பிரிங் ரைபிளில் ட்ரிகரை இழுத்ததும் உள்ளே பிஸ்டன் பாய்கிறது. பெல்லட் குழலை விட்டு வெளியேறும் முன்பே ரைபிள் அதிர்கிறது. அழுத்தக் காற்றில் இயங்கும் ரைபிளில் அந்த அதிர்வு மிகக் குறைவு. ஆகவே தாளில் விழும் குண்டு சுடுபவரின் பிழையை அப்படியே சொல்கிறது. ஸ்பிரிங் ரைபிளில் பெல்லட் இல்லாமல் விசையை இழுத்தால் உள்ளுறுப்பு பழுதாகும். பந்தய ரைபிள்களில் ட்ரை ஃபயர் வசதி உண்டு. காற்றும் பெல்லட்டும் செலவழிக்காமல் வீட்டுச் சுவரைப் பார்த்து நூறு முறை ட்ரிகர் பழகலாம். இங்கே கருவிக்குக் கொடுத்த பணம் பயிற்சியையே வாங்கித் தருகிறது. இரண்டையும் எதிரெதிராக நிறுத்தும் வாதம் இந்த இடத்தில் உடைந்துபோகிறது.

ஆனால் மாற்றுவதில் கேடுகளும் உண்டு. புது ரைபிளின் எடைப் பகிர்வு வேறு, ட்ரிகரின் இழுப்பு வேறு, கன்னம் படியும் உயரம் வேறு. பழகிய உடல் எல்லாவற்றையும் மீண்டும் கற்க வேண்டும். மாநிலப் போட்டிக்கு ஒரு மாதம் முன்பு ரைபிளை மாற்றுவது தானே இழுத்துப் போட்டுக்கொள்ளும் வினை. அதைவிட மோசம், மதிப்பெண் குறையும்போதெல்லாம் ஒரு பாகத்தை மாற்றும் பழக்கம். இன்று தோளில் பதியும் பட் பிளேட், நாளை குறி பார்க்கும் பீப் சைட், மறுவாரம் எடைக்கட்டி என்று போனால், எந்த மாற்றம் என்ன செய்தது என்று யாருக்கும் தெரியாமல் போய்விடும்.

உயர்ந்த கருவியும் பழுதாகும். டோக்கியோ ஒலிம்பிக்கில் இந்தியாவின் மனு பாக்கரின் கைத்துப்பாக்கி தகுதிச் சுற்றின் நடுவில் கோளாறானது. விலைமதிப்புள்ள நிமிடங்கள் போயின. 575 எடுத்து 12ஆம் இடத்தில் முடித்தார். மூன்று ஆண்டுகள் கழித்து அவரே பாரிஸில் இரண்டு வெண்கலம் வென்றார். மதுரை போன்ற ஊரில் ரைபிள் வாங்குபவர் அதன் விலையோடு, காற்று நிரப்பும் வசதி, ரப்பர் வளையங்கள், பழுதுபார்க்க வெளியூருக்கு அனுப்பும் நாட்கள் ஆகியவற்றையும் சேர்த்தே கணக்குப் போட வேண்டும்.

பயிற்சியின் பெயராலும் பிழைகள் நடக்கின்றன. பெல்லட் டப்பாக்கள் காலியாகும் எண்ணிக்கையைப் பயிற்சி என்று நினைப்பது முதல் பிழை. என்.சி.சி. முகாம்களில் பல தலைமுறைகள் கை மாறிய பழைய .22 ரைபிளில் மாணவர்கள் சுடும்போது, குண்டு நடுவில் விழுகிறதா என்று பார்ப்பதற்கு முன் குரூப்பிங் இறுக்கமாக இருக்கிறதா என்று பார்ப்பார்கள். குண்டுகள் ஒரே இடத்தில் ஒட்டி விழுந்தால் சைட்டைத் திருப்பி நடுவுக்குக் கொண்டுவந்துவிடலாம். சிதறி விழுந்தால் எந்த சைட்டும் உதவாது. ஏர் ரைபிள் பிள்ளைகளுக்கும் இந்த ஒழுங்கு வேண்டும். சித்திரை வெயிலில் கெட்டியான கேன்வாஸ் ஜாக்கெட்டுக்குள் வியர்த்துக் களைத்த உடல், கடைசி இருபது சூட்டில் தவறான நிலையைத்தான் மனப்பாடம் செய்யும். அப்போது இன்னும் சுடு என்று சொல்வது பயிற்சியே அல்ல.

உடலுக்குப் பொருந்தாத ரைபிளில் எடுக்கும் பயிற்சி இரண்டாவது பிழை. விதிப்படி ஏர் ரைபிள் 5.5 கிலோ வரை இருக்கலாம். பெரியவருக்கு அமைத்த ரைபிளைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை தூக்கிச் சுடுவது, அண்ணனின் செருப்பைப் போட்டுக்கொண்டு ஓட்டப்பந்தயத்தில் இறங்குவது போன்றது. கழுத்தை வளைத்து, இடுப்பை ஒடித்து, எப்படியோ குறி பார்க்கக் கற்றுக்கொள்ளும். பிறகு அந்தக் கோணலை நிமிர்த்த ஆண்டுகள் ஆகும். இந்தப் பிள்ளைக்கு உடனே தேவை அளவு சரிசெய்யக்கூடிய பட் பிளேட்டும் கன்னத் தாங்கியும். விலையுயர்ந்த குழல் பிறகு வரலாம்.

2008 ஆகஸ்ட் 11 அன்று பெய்ஜிங் ஒலிம்பிக்கில், அன்றைய கணக்கு முறையில் 700.5 எடுத்துத் தங்கம் வென்ற அபினவ் பிந்த்ரா, கடைசிக் குண்டை 10.8இல் வைத்தார். கருவியின் ஒவ்வொரு நுணுக்கத்தையும் ஆராய்ந்தவர் அவர். உடலையும் மனத்தையும் அதே பிடிவாதத்தோடு பழக்கியவரும் அவரே. வசதியான குடும்பம், வீட்டிலேயே பயிற்சிக்கூடம் என்று அவரால் இரண்டையும் தேர்ந்தெடுக்க முடிந்தது. நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு அந்த வாய்ப்பு இல்லை என்பதால்தான் எது முதலில் என்ற வரிசை இவ்வளவு முக்கியமாகிறது.

அந்த வரிசையை நான் இப்படி வைப்பேன். முதலில் உடலுக்கு அளவு. இரண்டாவது, இருக்கும் ரைபிளைச் சுத்தமாகப் பராமரித்து அதற்கு ஒத்த பெல்லட்டைக் கண்டுபிடிப்பது. மூன்றாவது, குறிப்பேட்டோடு கூடிய பயிற்சி. நான்காவதாகத்தான் புது ரைபிள். நான்காவதற்கு நேரம் வந்துவிட்டதா என்று அறிய ஒரு சோதனை உண்டு. ரைபிளை வைஸில் இறுக்கிப் பத்துக் குண்டுகள் சுட வேண்டும். பிள்ளை கையில் எடுத்துச் சுட்ட பத்துக் குண்டுகளின் தாளை அதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பிள்ளையின் சிதறல் பல மடங்கு பெரிதாக இருந்தால் நகை வீட்டிலேயே இருக்கட்டும். இரண்டும் நெருங்கிவிட்டால் அந்தப் பிள்ளையைப் பழைய ரைபிளோடு நிறுத்திவைப்பது அநியாயம்.

அந்த நிலையை எட்டிய பிள்ளைக்கு ரைபிள் தருவது பெற்றோரின் தலையில் மட்டும் விழக் கூடாது. மாநில விளையாட்டு மேம்பாட்டு ஆணையமும் கிளப்புகளும் நகரத்துக்குச் சில பந்தய ரைபிள்களைப் பொதுவில் வைத்து, இந்தச் சோதனையில் தேறிய பிள்ளைகளுக்குப் பருவம் முழுவதும் ஒதுக்கிக் கொடுக்கலாம். ஒவ்வொருவரின் பட் பிளேட் அளவும் கன்னத் தாங்கியின் உயரமும் குறித்து வைத்திருந்தால், ஒரே ரைபிளை இரண்டு மூன்று பேர் முறை வைத்துப் பயன்படுத்த முடியும். உழைத்து மேலே வந்த பிள்ளை பணமில்லாததால் 10.0க்கும் 10.5க்கும் நடுவில் தேங்கி நின்றால், அந்தத் தோல்வி அந்தப் பிள்ளையுடையது அல்ல.